பழைய டர்போ கார்களில் பூஸ்ட் உயர்த்தல்: அழுத்தத்தின் கணக்கும் வெப்பத்தின் கணக்கும்

பழைய டர்போ காரின் பூஸ்ட்டை எவ்வளவு கூட்டலாம் என்று கேட்டால், பெரும்பாலும் ஓர் எண்தான் விடையாக வருகிறது: அரை பார், 0.8 பார், ஒரு பார். அந்த எண்ணைப் பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்வது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். எஞ்சினை உடைப்பது வெறும் அழுத்தம் அன்று. அழுத்தத்தோடு சேர்ந்து வரும் வெப்பமும், அதைத் தாங்க முடியாத எரிபொருளும்தான். ஆகவே பூஸ்ட்டின் எல்லையை அந்தக் கார் ஓடும் ஊரின் வெயிலையும் தூசியையும் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலையும் வைத்தே வகுக்க வேண்டும். திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்லும் வானூர் வட்டம் இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற களம்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். கோடைப் பகலில் வெளிக்காற்று 38 டிகிரி செல்சியஸ் என்றும், பழகித் தேய்ந்த டர்போவின் கம்ப்ரசர் திறன் 65 விழுக்காடு என்றும் கொள்வோம். மீட்டரில் 0.5 பார் காட்டும்போது கம்ப்ரசரை விட்டு வெளிவரும் காற்று ஏறத்தாழ 97 டிகிரி, 0.8 பாருக்கு உயர்த்தினால் 126 டிகிரி. இதே 0.8 பார், வெளிக்காற்று 25 டிகிரியாக உள்ள ஊரில் 109 டிகிரியோடு நின்றுவிடும். இன்டர்கூலர் இல்லாத காரில், 0.5 பாரிலிருந்து 0.8 பாருக்குப் போகும்போது முழு அழுத்தம் 20 விழுக்காடு கூடுகிறது. உள்ளே போகும் காற்றின் நிறையோ 11 விழுக்காடுதான் கூடுகிறது. மீதியை வெப்பம் தின்றுவிடுகிறது. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் 70 விழுக்காடு திறனோடு இருந்தால் அதே மாற்றத்தில் காற்று 17 விழுக்காடு கூடும். எஞ்சினுக்குள் போவதும் 64 டிகிரிக் காற்றாகவே இருக்கும். மீட்டரின் முள் இரண்டு கார்களிலும் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

இந்தக் கணக்கில் தூசியையும் சேர்க்க வேண்டும். திருவக்கரைச் சுற்றுவட்டாரக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றி வரும் டிப்பர் லாரிகளின் பின்னால் ஓடும் காரின் ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்கிறது. அடைத்த ஃபில்டரில் 0.05 பார் இழப்பு ஏற்பட்டால், அதே 0.8 பாரை எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். வெளிவரும் காற்றின் வெப்பம் மேலும் 8 டிகிரி ஏறும். இன்டர்கூலரின் தகட்டிடுக்குகளில் படியும் புழுதி அதன் திறனைத் தனியாகக் குறைக்கிறது. போதாக்குறைக்கு மொரட்டாண்டி சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும்போது இன்டர்கூலருக்குக் காற்றோட்டமே இல்லை. கிளம்பியதும் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் உறிஞ்சுவது பானட்டுக்குள் சூடேறிய காற்றைத்தான். பவரை அளக்கும் டைனோவில் எதிரே பெரிய விசிறி வைத்துச் சில விநாடிகள் எடுக்கும் பவர் கிராஃப் இந்த நிலையைக் காட்டுவதே இல்லை.

டர்போ கார்களின் வரலாறும் இதற்குச் சான்று. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், தன் எஞ்சினில் நாக்கிங் (கலவை தானாகப் பற்றி வெடிப்பது) வராமல் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைக் காற்றோடு பீய்ச்சியது. திரவம் தீர்ந்தால் பூஸ்ட் தானாகக் குறையும்படியும் அமைத்திருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஸாப் நிறுவனம் கொண்டுவந்த ஏபிசி முறை இன்னும் தெளிவானது. பேர் யில்பிராண்ட் தலைமையில் உருவான அம்முறையில் எஞ்சின் பிளாக்கில் பொருத்திய சென்சார் நாக்கிங்கைக் கேட்டுச் சொல்லும்; அதற்கேற்ப பூஸ்ட் இறங்கும். எவ்வளவு பூஸ்ட் என்பதை எஞ்சினே, அந்த நேரத்து வெப்பத்தையும் பெட்ரோலையும் பொறுத்து முடிவுசெய்தது. இன்று விற்கப்படும் மலிவான பூஸ்ட் கன்ட்ரோலர், எஞ்சின் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல், பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டை ஏமாற்றுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த அறிவை அது கைவிட்டுவிடுகிறது என்பதே என் மதிப்பீடு.

கம்பெனிக்காரர்கள் எஞ்சினைத் தாழ்த்தியே விற்கிறார்கள், உள்ளே தாங்குதிறன் மிச்சம் இருக்கிறது என்பது வலுவான மறுப்பு. 2004இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரின் 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் 150 குதிரைத்திறன் கொண்டது. அதே குடும்ப எஞ்சின் ஐரோப்பிய ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் 180, ஆடி டிடியில் 225 குதிரைத்திறன் தந்தது. ஆனால் 225க்குப் போனபோது பெரிய டர்போ, இரண்டு இன்டர்கூலர்கள், தடித்த கனெக்டிங் ராடுகள், பெரிய இன்ஜெக்டர்கள் எல்லாம் சேர்ந்தே வந்தன. அந்த மிச்சத்தை எடுக்க உற்பத்தியாளரே பாகங்களை மாற்ற வேண்டியிருந்தது. மேலும், அந்த மிச்சம் புதிய எஞ்சினுக்கு உரியது. இருபது ஆண்டு ஓடிய காரில் வெடித்த ரப்பர் ஹோஸும், கார்பன் கட்டிய ஆயில் பைப்பும், களைத்த ஃபியூல் பம்பும் அதில் ஒரு பங்கை ஏற்கெனவே செலவழித்துவிட்டன.

இரண்டாவது மறுப்பு எத்தனாலைப் பற்றியது. 2025 முதல் நாடெங்கும் பரவலாகிவிட்ட, 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் தரம் குறைந்தது 95 ஆக்டேன்; முன்பிருந்த சாதாரணப் பெட்ரோலுக்கு 91. நாக்கிங்கை எதிர்க்கும் வலிமை கூடியிருப்பது உண்மைதான். ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று தேவைப்படும்போது, இ20க்கு 13.5 கிலோவே போதும். எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்காக அமைத்த பழைய கம்ப்யூட்டர், முழு ஆக்சிலரேட்டரில் ஆக்ஸிஜன் சென்சாரின் திருத்தத்தை நம்பாமல் தன் பழைய அட்டவணைப்படியே எரிபொருள் ஊற்றுகிறது. கலவை 7, 8 விழுக்காடு மெலிந்துபோகலாம். பூஸ்ட் உச்சத்தில் இருக்கும் அதே நொடியில் இது நிகழ்கிறது. பிஸ்டன் உருகுவதும் ரிங் லேண்ட் உடைவதும் இப்படித்தான். எரிபொருள் அளவை அகலப் பட்டை ஆக்ஸிஜன் சென்சார் வைத்துத் திருத்தாமல் ஆக்டேனைக் காட்டிப் பூஸ்ட் கூட்டுவது பாதிக் கணக்கு.

டீசலில் இவ்வகை நாக்கிங் இல்லை. அதனால் அச்சமில்லை என்று வாதிடுவோரும் உண்டு. அங்கே எல்லை புகைபோக்கிப் பக்கம் நகர்கிறது. டீசலைக் கூட்டிக் காற்று போதாமல் கரும்புகை வந்தால் டர்பைனை அடையும் வாயுவின் வெப்பம் ஏறும். பூஸ்ட்டைக் கூட்டி ஈடுகட்டினால், நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளை ஏற்கெனவே எட்டும் சிறு டர்போ தன் வேக வரம்பைக் கடக்கும்.

சட்டத்தையும் விட்டுவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், உற்பத்தியாளரின் அசல் விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கின்றன. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுத் தெளியாமல் சாலையில் ஓடும் காரில் கைவைக்கக் கூடாது.

எனவே இன்டர்கூலர் இல்லாத பழைய காரில் இந்த வெயிலில் பூஸ்ட் கூட்டவே வேண்டாம். இன்டர்கூலர் உள்ள காரில் முதலில் கசிவுச் சோதனை, ஹோஸ், ஃபில்டர், பிளக், ஃபியூல் அழுத்தம், பிரேக் ஆகியவற்றைச் சரிசெய்து கம்பெனி பூஸ்ட்டை முழுதாக மீட்டெடுக்க வேண்டும். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். அதற்கு மேல் போக நினைப்பவர்கள் கோடைப் பகலில் எடுத்த உள்காற்று வெப்பம், நாக்கிங், கலவை ஆகிய மூன்றின் பதிவையும் பார்க்காமல் ட்யூனருக்குக் காசு கொடுக்க வேண்டாம். ட்யூனர்களும் பவர் கிராஃபோடு அந்தப் பதிவையும் எழுத்தில் தர வேண்டும்.