ஃபோர்டின் டி மாடல் கார்: செயற்பாட்டு மேலாண்மையும் வணிக உத்தியும்

ஒரு பொருளை எப்படி, எவ்வளவு நேரத்தில், எவ்வளவு செலவில் செய்து முடிப்பது என்பதைக் கவனிப்பது செயற்பாட்டு மேலாண்மை. எந்தப் பொருளை, யாருக்காக, என்ன விலைக்குச் செய்வது என்று முடிவெடுப்பது வணிக உத்தி. பாடநூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி இயல்களில் வைத்திருக்கின்றன. மாணவர்களும் தனித்தனியாகவே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். உண்மையில் ஒன்று மற்றொன்றின் கையைக் கட்டிப்போடும். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை தயாரித்த டி மாடல் காரின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

1908இல் கார் என்பது பணக்காரர்களின் பொருள். ஹென்றி ஃபோர்டு உழவர்களையும் சாதாரண உழைப்பாளிகளையும் மனத்தில் வைத்து, மண் சாலையில் ஓடக்கூடிய, எளிதில் பழுது பார்க்கக்கூடிய ஒரு காரை அந்த ஆண்டு அக்டோபரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 850 டாலர். மறு ஆண்டு, இனி இந்த ஒரே மாடலைத்தான் செய்வோம் என்று அறிவித்தார். இது உத்தி. பின்னால் தொழிற்சாலைக்குள் நடந்தவை எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவையே.

ஒரே மாடல் என்றால் எல்லாக் கார்களின் உதிரிப்பாகங்களும் ஒரே அளவு. அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்தும் வேலை இல்லை. ஒரே ஒரு பாகத்தை மட்டும் செய்யும் தனி எந்திரங்களை அச்சமின்றி வாங்கலாம். டெட்ராய்ட் அருகே ஹைலேண்ட் பார்க்கில் 1910இல் திறந்த ஆலையில், 1913 ஏப்ரலில், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவைப் பொருத்தும் பிரிவில் ஒரு சோதனை நடந்தது. அதுவரை ஒரு தொழிலாளி ஒரு மேக்னட்டோ முழுவதையும் தானே பொருத்த சுமார் 20 நிமிடம் ஆனது. அந்த வேலையை 29 சிறு வேலைகளாகப் பிரித்து, ஆள் நின்ற இடத்தில் நிற்க, பொருள் அவரிடம் நகர்ந்து வருமாறு செய்தார்கள். நேரம் 13 நிமிடம் 10 வினாடியாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு வரிசையின் உயரத்தை எட்டு அங்குலம் கூட்டினார்கள். குனிந்து நிமிர்வது குறைந்தது. 7 நிமிடம் ஆயிற்று. வேகத்தையும் சரிசெய்தபின் 5 நிமிடம். எட்டு அங்குலத்தில் அத்தனை நேரமா என்று வியப்பவர்கள், நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்டவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

சிகாகோ இறைச்சிக் கூடங்களில் மேலே தொங்கியபடி நகரும் கொக்கிகளைப் பார்த்தே இந்த எண்ணம் வந்தது என்று ஃபோர்டு எழுதியிருக்கிறார். அங்கே உடலைப் பிரித்தார்கள், இங்கே வண்டியைச் சேர்த்தார்கள். இதே முறையில் ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்தும் நேரம் 12 மணி 28 நிமிடத்திலிருந்து 1 மணி 33 நிமிடமாக இறங்கியது.

இப்படிப்பட்ட வரிசையில் மிக மெதுவான இடம் எதுவோ, அதன் வேகமே முழு வரிசையின் வேகம். அதனால் எல்லா இடத்திலும் ஏறத்தாழச் சமமான நேரம் பிடிக்குமாறு வேலையைப் பங்கிட வேண்டும். இதை வரிசைச் சமநிலை என்பார்கள்.

கணக்கில் வராத ஒன்றும் இருந்தது. நாளெல்லாம் ஒரே திருகாணியை முறுக்கும் வேலையில் மனிதர்கள் நிற்கவில்லை. 1913இல் ஏறத்தாழ 14,000 பேர் கொண்ட ஆலையை நடத்த 50,000க்கும் மேற்பட்டோரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஃபோர்டு எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார்; அதற்குமுன் ஒன்பது மணி நேரத்துக்கு 2.34 டாலர்தான். இதைப் பெருந்தன்மை என்று சொல்வோர் உண்டு. எனக்கு இது ஓடிப்போகும் ஆட்களைப் பிடித்துவைத்த விலையாகவே படுகிறது. அந்த 5 டாலரில் ஏறக்குறையப் பாதி இலாபப் பங்கு. அதைப் பெற, குடி இல்லாமல், வீடு சுத்தமாக, சேமிப்போடு வாழ்கிறாரா என்று நிறுவனத்தின் ஆட்கள் வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள்.

செலவு குறையக் குறைய விலை குறைந்தது, விலை குறையக் குறைய விற்பனை கூடியது. 1921இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பாதிக்கும் மேல் ஃபோர்டுடையவை. 1925இல் மிக மலிவான டி மாடல் 260 டாலர்.

அப்போதே நிலைமை மாறிக்கொண்டிருந்தது. கார் வாங்க நினைத்த பலரிடம் ஏற்கெனவே ஒரு கார் இருந்தது. மலிவு மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1919இலேயே தவணைக் கடனுக்கென ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தது. 1923இல் அதன் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன், ஒவ்வொரு வருமான நிலைக்கும் ஒரு கார் என்று மாடல்களை அடுக்கினார். ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றினார். மழையும் குளிரும் படாத மூடிய கார்களை மக்கள் விரும்பினார்கள். 1924இல் விற்பனையில் 43 சதவீதமாக இருந்த மூடிய கார்கள் 1927இல் 85 சதவீதம் ஆயின. டி மாடலின் இலேசான அடிச்சட்டம் கனமான மூடிய கூட்டுக்கு ஏற்றதன்று.

ஃபோர்டு ஏன் உடனே மாறவில்லை? அவரது பிடிவாதம் ஒரு காரணம். ஆனால் பிடிவாதத்தை விட்டிருந்தாலும் எளிதாக மாறியிருக்க முடியாது. ஒரே பாகத்தைச் செய்யும் எந்திரம் வேறொரு பாகத்தைச் செய்யாது. 260 டாலர் விலையைத் தந்த அதே எந்திரங்கள்தாம் அவரைக் கட்டிப்போட்டன. 1974இல் அபர்னதி, வெய்ன் என்னும் இரு ஆய்வாளர்கள் இந்த வரலாற்றை எடுத்துக்கொண்டு, செலவுக் குறைப்பில் எல்லை வரை போகும் நிறுவனம் புதுமை செய்யும் திறனை இழக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினர். மேலாண்மை வகுப்புகளில் அது இன்றும் படிக்கப்படுகிறது.

1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது டி மாடல் வெளிவந்தது. அத்துடன் உற்பத்தியை நிறுத்தினார்கள். எந்திரங்களை மாற்றி அமைக்கும்வரை பல மாதங்கள் ஆலைகள் முடங்கிக் கிடந்தன. ஆயிரக்கணக்கானோர் வேலையின்றி இருந்தார்கள். அந்த ஆண்டு விற்பனையில் செவர்லே முந்தியது. புதிய ஏ மாடல் டிசம்பரில்தான் வந்தது. 1923இல் ஃபோர்டு நடத்திய திட்டத்தில், வாடிக்கையாளர் வாரந்தோறும் பணம் கட்டி, முழுத் தொகையும் சேர்ந்த பிறகே காரை எடுத்துச் செல்ல முடிந்தது. 1928இல் அந்த நிறுவனமும் காரை முதலில் கொடுத்துவிட்டுத் தவணையில் பணம் வாங்குவதற்காக ஒரு கடன் நிறுவனத்தைத் தொடங்கியது.