எதிரியின் கரையில் ஒரு நினைவுக்கல்



ஜப்பானின் வடகிழக்குக் கரையில் ஒனகவா என்னும் சிறிய துறைமுக ஊர் உண்டு. அங்கே கனடா நாட்டு விமானி ஒருவருக்கு நினைவுக்கல் நிற்கிறது. அவர் அவ்வூரைக் காக்க வந்தவர் அல்லர். அதன் விரிகுடாவில் குண்டு வீச வந்தவர்.

அவர் பெயர் ராபர்ட் ஹாம்ப்டன் கிரே. 1917 நவம்பர் 2 அன்று பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் ட்ரெயில் நகரில் பிறந்தார். அருகிலுள்ள நெல்சன் என்னும் மலையூரில் வளர்ந்தார். தந்தை நகை வணிகர். பல்கலைக்கழகத்தில் பயின்ற கிரே 1940இல் கடற்படையில் சேர்ந்து, போர் விமானியாகப் பயிற்சி பெற்றார். விமானப்படையில் பணியாற்றிய அவருடைய சகோதரர் 1942இல் உயிரிழந்தார். ஒரே வீட்டில் அது முதல் துக்கம்.

1945 ஆகஸ்ட் 9. நாகசாகியின்மீது அணுகுண்டு விழுந்த அதே நாள். ஃபார்மிடபிள் என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கோர்சேர் விமானங்கள் கிரேயின் தலைமையில் புறப்பட்டன. ஒனகவா விரிகுடாவில் நின்ற ஜப்பானியப் போர்க்கப்பல்களை அவர் கண்டார். கப்பல்களிலிருந்தும் கரையிலிருந்தும் பீரங்கிகள் முழங்கின. அவருடைய விமானம் தீப்பற்றியது. ஆயினும் விலகாமல் தாழப் பறந்து குண்டை வீசினார். அமகுசா என்னும் கப்பல் மூழ்கியது. அதில் இருந்த பலர் மாண்டனர். கிரேயின் விமானமும் கடலில் வீழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 27. ஆறே நாள்களில் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. வீரத்தின் உயரிய விருதான விக்டோரியா சிலுவை அவருக்கு மரணத்திற்குப் பின் வழங்கப்பட்டது.

விருதைத் தந்தது அவருடைய சொந்தத் தரப்பு, அதில் வியப்பில்லை. ஆனால் 1989இல், 44 ஆண்டுகள் கழிந்தபின், அவருக்கு நினைவுக்கல் எழுந்தது அவர் தாக்கிய விரிகுடாவின் கரையிலேயே. ஒனகவா தன் பிள்ளைகளின் மரணத்தை மறந்துவிடவில்லை. தங்கள் வீடுகளில் அழுதது போலவே தொலைவிலுள்ள ஒரு வீட்டிலும் ஒரு தாய் அழுதிருப்பாள் என்பதையும் அவ்வூர் நினைவில் வைத்தது.

2011இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஒனகவாவைச் சிதைத்தன. அந்தக் கல்லும் சேதமுற்றது. வீடிழந்தோர் நிறைந்த ஊர், தன்னைக் கட்டியெழுப்பிய நாள்களில், அந்நியனுடைய கல்லையும் சீர்செய்து வேறோர் இடத்தில் நிறுத்தியது.

பிரியமானவர்களே, மன்னிப்பு என்பது நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதன்று. காயத்தை அறிந்தே, காயப்படுத்தியவரையும் மனிதராகக் காண்பது அது. அதற்கு ஆண்டுகள் பல ஆகலாம். ஒருமுறை நிறுத்திய கல்லை மறுபடியும் நிறுத்தவேண்டியும் வரலாம். இவ்வாரம், நீங்கள் உச்சரிக்க மறுக்கும் ஒரு பெயர் உங்கள் உள்ளத்தில் உண்டோ என்று சிந்தியுங்கள். அப்பெயரை ஜெபத்தில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.