ஒரே ‘லட்’ எல்லா வீடியோவுக்கும் செட் ஆகுமா? கலர் கிரேடிங்ல கவனிக்க வேண்டியது என்ன?

‘சினிமாட்டிக் லட் பேக் ஃப்ரீ’னு ஒரு லிங்க் உங்க ஃபீட்லயும் வந்திருக்கும். டவுன்லோடு பண்ணி, கொல்லிமலை ட்ரிப் வீடியோவுல போட்டா செமையா இருக்கும். அதையே அக்கா கல்யாண வீடியோவுல போட்டுப் பாருங்க. முகமெல்லாம் செங்கல் கலர், மாப்பிள்ளையோட வெண்பட்டு வேட்டி மஞ்சள் பூத்த மாதிரி, அரக்குப் புடவை பழுப்பு! ஃபைல்ல எந்தக் கோளாறும் இல்லை. அது செய்யும் வேலையே அவ்வளவுதான்.

லட் என்பது ‘லுக்-அப் டேபிள்’ என்பதன் சுருக்கம். சின்ன வயசுல மனப்பாடம் பண்ண வாய்ப்பாடு மாதிரி ஒரு நிற வாய்ப்பாடு. வீடியோவுல ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண்கள். ‘இந்த மூணு எண் உள்ளே வந்தா, அந்த மூணு எண்ணை வெளியே கொடு’னு எழுதி வச்ச பட்டியல்தான் லட். சாதாரண 8 பிட் வீடியோவுல சுமார் 1.67 கோடி நிறங்கள் சாத்தியம். அத்தனைக்கும் பதில் எழுதினா ஃபைல் தாங்காது. அதனால நீங்க டவுன்லோடு பண்ற ‘டாட் க்யூப்’ ஃபைல்கள்ல பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு 33 புள்ளி, மொத்தம் 33 x 33 x 33 = 35,937 பதில்கள்தான் இருக்கும். இடையில வர்ற நிறங்களை சாஃப்ட்வேர் பக்கத்துப் புள்ளிகளை வச்சுக் கணக்குப் போட்டுக்கும்.

இதுல முகம் எது, புடவை எது, சுவர் எதுன்னு லட்டுக்குத் தெரியவே தெரியாது. எண் வந்தா எண் போகும். அவ்வளவே.

ஆனா ஆரம்பத்துல கிரேடிங் இப்படி இருக்கலை. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் வந்தது. எம்.ஜி.ஆர், பானுமதி நடிச்ச அந்தப் படத்தை எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர்.சுந்தரம் இயக்கம், கேவாகலர் ஃபிலிம். மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் (1961) இதே நிறுவனத்தோடதுதான். ஏற்காடு ரோட்டுல போனா அந்த நுழைவு வளைவை இன்னிக்கும் பார்க்கலாம். ஃபிலிம் காலத்துல, பிரின்ட் போடும்போது சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தை ஷாட் ஷாட்டா கூட்டிக் குறைப்பாங்க. ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு மனுஷர் கண்ணால பார்த்து முடிவு பண்ணுவார். லட்டுல இல்லாதது அந்தக் கண்தான். அந்த வேலையை இப்ப நீங்கதான் செய்யணும்.

முதல்ல, கையில இருக்கிற லட் எந்த ரகம்னு பாருங்க. ‘லாக்’னு ஒரு ஷூட்டிங் முறை இருக்கு. சோனியில எஸ்-லாக் 3, ஐபோன் 15 ப்ரோவிலிருந்து ஆப்பிள் லாக். படம் வெளிறி, சாம்பல் பூசின மாதிரி இருக்கும். ஆனா வெளிச்சத்துலயும் நிழல்லயும் நிறைய விவரம் பத்திரமா இருக்கும். இந்த வெளிறலை இயல்பான நிறத்துக்குக் கொண்டுவர்றது ஒரு ரகம், மாற்றும் லட். அழகுக்காகப் போடுறது இன்னொரு ரகம், லுக் லட். லாக்குக்காகச் செஞ்ச லட்டை சாதாரண மொபைல் வீடியோ மேல போட்டா, ஏற்கெனவே உப்பு போட்ட குழம்புல இன்னொரு கை உப்பு அள்ளிப் போட்ட கதைதான். டாவின்சி ரிசால்வ்ல ஃப்ரீயா வர்ற ‘கோடக் 2383’ லட் அப்படித்தான் பலரையும் ஏமாத்துது. அது சினியான் லாக் நிறத்தை எதிர்பார்க்குது. நேரா மொபைல் வீடியோ மேல போட்டா நிழல் எல்லாம் கரிதான்.

அடுத்தது வரிசை. வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் லட்டுக்கு முன்னாடியே சரி பண்ணுங்க. கொஞ்சம் அதிக வெளிச்சமான ஷாட், லட்டோட எல்லைக்கு மேல போச்சுன்னா அங்கேயே வெட்டுப்படும். அதுக்கப்புறம் வெளிச்சத்தைக் குறைச்சாலும் வானம் சாம்பலாகுமே தவிர, மேகம் திரும்ப வராது. முன்னாடியே குறைச்சிருந்தா வந்திருக்கும். ஆனா நாமக்கல் கோட்டைப் பாறை மேல உச்சி வெயில்ல, கேமராவுலயே வெளுத்துப்போன வானத்தை எந்த வரிசையும் காப்பாத்தாது. சாயங்காலம் போங்க!

இப்ப முகத்துக்கு வருவோம். இணையத்துல சுத்துற ‘டீல்-ஆரஞ்ச்’ லட்டுகள் நிழலை நீலப்பச்சைக்கும், தோல் நிறத்தை ஆரஞ்சுக்கும் தள்ளும். வெளிர் தோல்ல அது இளஞ்சூடா தெரியும். நம்ம மாநிறத்துலயும் கறுப்புலயும் ஏற்கெனவே இருக்கிற சூட்டோட சேர்ந்து துருப்பிடிச்ச மாதிரி ஆகிடும். இது புதுக் கதை இல்லை. அமெரிக்காவுல கோடக் நிறுவனம் 1950-கள்லேருந்து லேப்களுக்குக் கொடுத்த ‘ஷெர்லி கார்டு’ல இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவங்க முகம் சரியா வந்தா எல்லாம் சரின்னு மெஷினை செட் பண்ணாங்க. கறுப்பின மக்களோட முகங்கள் இருட்டா விழுந்தன.

நிஜத்துல தோல் கறுப்போ சிவப்போ, அதோட அடிப்படைச் சாயல் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரிசால்வ்ல வெக்டர்ஸ்கோப்பைத் திறந்து ஸ்கின் டோன் கோட்டை ஆன் பண்ணுங்க. மணப்பெண், ஃபாரின் ஃப்ரெண்டு, கறுத்த தாய்மாமா எல்லார் முகமும் அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். மாறுறது வெளிச்சமும் அடர்த்தியும் மட்டும்தான். முகம் கோட்டை விட்டு ரொம்ப விலகினா லட்டைக் குறைங்க. மணப்பெண்ணை வெளுப்பாக்குறதை ‘கரெக்‌ஷன்’னு சொல்ற எடிட்டரை மாத்துங்க.

இளம்பிள்ளைப் புடவையை ரீல்ஸ் போட்டு விக்கிறவங்களுக்கு இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். ராமர் பச்சை வீடியோவுல மயில் கழுத்தா மாறியிருந்தா, பார்சல் திரும்பி வரும். புடவையைக் காட்டுற ஷாட்ல லுக் லட்டே வேண்டாம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை லாக் பண்ணி, கிரே கார்டை ஒரு ஷாட் எடுத்துக்கோங்க. சேலம் வெண்பட்டை வச்சு வெள்ளையை செட் பண்ணாதீங்க. பட்டோட வெள்ளையில லேசா தந்த நிறம் உண்டு. அதை ‘வெள்ளை’னு சொல்லிக் கொடுத்தா மத்ததெல்லாம் நீலம் பாய்ஞ்சுடும்.

மத்த ஷாட்டுகள்ல லுக் லட் போடலாம், பாதி அளவுல. ரிசால்வ்ல அந்த நோடோட கீ அவுட்புட் கெயினை 0.5 வரை இறக்கினா போதும். புது லட் கிடைச்சதும், கறுப்புலேருந்து வெள்ளை வரை சீரா மாறுற ஒரு சாம்பல் பட்டை படத்து மேல முதல்ல போட்டுப் பாருங்க. கோடு கோடா உடைஞ்சா, உங்க வீடியோவுல வானமும் அப்படித்தான் உடையும். டெலீட் பண்ணிடுங்க.

கடைசியா எக்ஸ்போர்ட் பண்றதுக்கு முன்னாடி, உங்க மொபைல் ஸ்கிரீன் ‘விவிட்’ மோடுல இருந்தா ‘நேச்சுரல்’க்கு மாத்திட்டு ஒரு தடவை பாருங்க. ஒரிஜினல் புடவையை ஜன்னல் வெளிச்சத்துல பக்கத்துலயே விரிச்சு வச்சுக்கிட்டு.