நூல் நிலையச் சீட்டின் விலை

நூல் நிலையத்தின் படியேறி வருகிறவர் எவராயினும் முதலில் கேட்பவை இரண்டே கேள்விகள். எனக்கு உறுப்பினர் சீட்டுத் தருவீர்களா? அதற்கு என்ன கட்ட வேண்டும்? மிக எளிய கேள்விகள். ஆயினும், இவற்றைக் கேட்டதற்காகவே காவலரால் கைது செய்யப்பட்ட இளைஞர்களும் வரலாற்றில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய வர்ஜீனியாவில், இரண்டு நகரங்களில், இருபத்தோர் ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை இன்று காண்போம். ஒன்று 'சீட்டு யாருக்கு?' என்பது பற்றியது; மற்றொன்று 'என்ன விலைக்கு?' என்பது பற்றியது.

அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால், தென் மாநிலங்களில் வெள்ளையர், கருப்பர் என்னும் பிரிவினை ஒழியவில்லை. பள்ளிகள் இரண்டாயின, பஸ்ஸில் இருக்கைகள் இரு வகையாயின. நூல் நிலையமும் இதற்கு விலக்கன்று. பல ஊர்களில் இருந்தது ஒரே நூல் நிலையம். அதுவும் வெள்ளையருக்கே உரியதாக இருந்தது.

தலைநகர் வாஷிங்டனுக்கு அண்மையில், போட்டோமாக் ஆற்றங்கரையில் உள்ளது அலெக்சாந்திரியா நகரம். அங்கே 1937-இல் பொது நூல் நிலையத்துக்கென ஒரு கட்டடம் எழுந்தது. நகரத்தின் பொதுப்பணம் அதற்குச் செலவாயிற்று. வரி செலுத்தியவருள் கருப்பின மக்களும் இருந்தனர். சீட்டோ வெள்ளையருக்கு மட்டுமே கிடைத்தது. அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர் சாமுவேல் டக்கர் என்னும் கருப்பின வழக்கறிஞர். சட்டக் கல்லூரியில் பயிலாமல், ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் இருந்துகொண்டே சட்டம் கற்றுத் தேர்ந்தவர் அவர். நூலின் அருமை அவருக்குத் தெரியாதா?

1939-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் டக்கர், ஜார்ஜ் வில்சன் என்னும் ஓய்வுபெற்ற இராணுவத்தினரை அழைத்துக்கொண்டு அந்நூல் நிலையம் சென்றார். வில்சன் சீட்டுக் கேட்டார், மறுக்கப்பட்டது. டக்கர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு நீண்டது. அதற்கிடையே அவர் மற்றொரு வழியும் கண்டார்.

ஆகஸ்டு 21-ஆம் நாள், நன்கு உடுத்திய கருப்பின இளைஞர் ஐவர் ஒருவர் பின் ஒருவராக அந்நூல் நிலையத்தினுள் நுழைந்தனர். அவருள் ஒருவர் டக்கரின் தம்பி. ஒவ்வொருவரும் பணிவுடன் சீட்டுக் கேட்டார். மறுப்பு வந்தது. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்துக்கொண்டு, தனித்தனி மேசையில் அமர்ந்து படிக்கலாயினர். ஒரே மேசையில் அமர்ந்தால் பேசினார்கள், அமைதியைக் கெடுத்தார்கள் என்று குற்றம் சாட்ட இடம் உண்டல்லவா? அதற்கும் இடம் தராதிருக்கவே இந்த ஏற்பாடு.

காவலர் வந்தனர், ஐவரும் கைதாயினர். ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்கள் என்பதே அவர்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றம். நூல் நிலையத்தில் அமர்ந்து அமைதியாக நூல் படிப்பது ஒழுங்கீனமா? நீதிமன்றத்தில் டக்கர் காவலரைக் குறுக்கு விசாரணை செய்து, ஐவரும் அமைதியாகவே இருந்தனர் என்பதை அவர்கள் வாயாலேயே வெளிக்கொணர்ந்தார். நீதிபதி தீர்ப்புக் கூறாமல் வழக்கை ஒத்திவைத்தார். அந்தத் தீர்ப்பு அவர்கள் வாழ்நாளில் வரவே இல்லை.

வில்சனின் வழக்கில் 1940 சனவரியில் முடிவு கூறப்பட்டது. விண்ணப்பம் முறைப்படி அமையவில்லை என்று கூறி வழக்கைத் தள்ளிய நீதிபதி, நகரத்தில் வாழ்வோர்க்குச் சீட்டு மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். நகராட்சி என்ன செய்தது? அவ்வாண்டு ஏப்ரலில் கருப்பின மக்களுக்கென வேறொரு சிறிய நூல் நிலையத்தைத் திறந்தது. அதற்குரிய சீட்டை ஏற்க மாட்டேன் என்று டக்கர் எழுதிவிட்டார். அவர் கேட்டது ஊருக்குப் பொதுவான நூல் நிலையத்தின் சீட்டை. தமக்கென ஒதுக்கிய ஒரு மூலையை அன்று.

இனி இரண்டாம் நிகழ்ச்சிக்கு வருவோம். 1960-ஆம் ஆண்டு பிப்ரவரியில், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் கருப்பினக் கல்லூரி மாணவர் நால்வர், வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய இடத்தில் அமர்ந்து அறப்போர் தொடங்கினர். அக்கிளர்ச்சி அண்டை ஊர்களுக்கும் பரவியது. ஏப்ரல் 2-ஆம் நாள், வர்ஜீனியாவின் டான்வில் நகரில் கருப்பின மாணவர் சிலர் வெள்ளையரின் நூல் நிலையத்தினுள் சென்றனர். நகராட்சி அவர்களை அனுமதிக்கவில்லை. வழக்கு எழுந்தது. இனம் காரணமாக யாரையும் விலக்கலாகாது என்று மத்திய அரசின் நீதிமன்றம் ஆணையிட்டது. நகராட்சியோ நூல் நிலையத்தையே மூடிவிட்டது. ஜூன் மாதம் நடந்த வாக்கெடுப்பிலும் மூடியே வைக்கலாம் என்பார் பக்கமே பெரும்பான்மை இருந்தது. பிறர் படிக்கக் கூடாது என்பதற்காகத் தாமும் படியாதிருக்கத் துணிந்தனர் அவ்வூரார்!

செப்டம்பரில் கதவு திறந்தது. உள்ளே மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. இரு இனத்தாரும் அருகருகே அமர்ந்துவிடலாகாதே என்று அவற்றை அகற்றியிருந்தனர். சீட்டுப் பெறுவதற்கோ நீண்டதொரு விண்ணப்பம், நன்னடத்தைக்குச் சான்று கூற இருவர், தொழில் முறையில் சான்று கூற இருவர், கட்டணம் இரண்டரை டாலர். அந்நாளில் மத்திய அரசு வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஒரு டாலர். ஆகவே, ஒரு சீட்டின் விலை இரண்டரை மணி நேர உழைப்பு. வீட்டு வேலை செய்து பிழைத்த கருப்பினப் பெண்களுக்கு அந்தக் கூலிச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை.

இங்கே ஓர் உண்மையை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். அலெக்சாந்திரியாவில் 'உனக்கு இல்லை' என்று வெளிப்படையாகவே கூறினர். டான்வில்லில் அப்படிக் கூற நீதிமன்றம் விடவில்லை. எனவே அதே மறுப்பு, கட்டணமாகவும் சான்றாகவும் உருமாறி வந்தது. வாயிற்கதவைத் திறந்து வைத்துவிட்டு, விண்ணப்பத் தாளைக் கொண்டே வழியை அடைக்க முடியும் என்பதை அந்நகரம் காட்டியது.

பிரிவினை நாளடைவில் நீங்கியது. டான்வில்லில் நாற்காலிகள் திரும்பி வந்தன. டக்கர் 1968-இல் பள்ளிகளின் இனப் பிரிவினையை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்ற வழக்கறிஞருள் ஒருவராக விளங்கினார், 1990-இல் மறைந்தார். ஐவர் மீதிருந்த குற்றச்சாட்டை அலெக்சாந்திரியா நீதிமன்றம் 2019-இல், எண்பது ஆண்டுகள் கழித்துத் தள்ளுபடி செய்தது. அதைக் கேட்டு மகிழ அவர்களுள் ஒருவரும் உயிருடன் இல்லை.

மாணவ நண்பர்களே! நூல் நிலையத்தில் விண்ணப்பத் தாளைக் கையில் வாங்கும்பொழுது அதை ஒரு முறை ஊன்றிப் படியுங்கள். எவ்வளவு பணம் கேட்கிறது? யாருடைய கையொப்பம் கேட்கிறது? நம்மால் இதை நிரப்ப முடிகிறது. நிரப்ப முடியாமல் திரும்பிப் போகிறவர் யார்? அக்கேள்விக்கு விடை தெரிந்த பின்பே, அந்நூல் நிலையம் பொது நூல் நிலையம்தானா என்பதை நாம் சொல்ல முடியும்.