மின்னி மறைந்த விளக்கு

நாணயங்களையும் தபால் தலைகளையும் சேர்ப்போரை நேயர்கள் அறிவீர்கள். பழைய டார்ச்சு விளக்குகளைத் தேடிச் சேர்ப்போரும் உண்டென்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் அக்குழாய்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

டேவிட் மிசெல் என்னும் ஆங்கிலேயர் வகுத்த கைவிளக்குக்கு 1899ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. ஒரு காகிதக் குழாய். அதனுள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பாட்டரிக் கட்டைகள். முனையில் ஒரு பல்பு. அவ்வளவே. ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய கான்ராட் ஹியூபர்ட் என்பவரின் கம்பெனி அதனைச் செய்து, சிலவற்றை நியூயார்க் போலீசாருக்கு இலவசமாக வழங்கிற்று. கரியிழைப் பல்பு மின்சாரத்தை மிகுதியாக உண்டது. கட்டையோ விரைவில் களைத்தது. ஆகவே ஒரு கணம் அழுத்தி, விட்டு, மறுபடியும் அழுத்த வேண்டும். அமெரிக்கர் இதனைப் ‘பிளாஷ் லைட்’ என்று அழைத்தது இப்பலவீனம் பற்றியே! 1910ஐ ஒட்டி டங்ஸ்டன் இழை வந்த பின்னரே ஒளி நிலைத்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

ஆங்கிலேயரோ தீவட்டியின் பெயரையே இதற்கும் இட்டனர். ‘டார்ச்சு’ என்று நாம் வழங்குவது அவர் வழியே. பிற்காலத்தில் லக்னோவிலும் அந்நாளைய அலகாபாத்திலும் செய்யப்பட்டவை வயல் வரப்பிலும் ரயிலடியிலும் துணை நின்றன. ஊர்விட்டு வந்த நம்மவர் டிரங்குப் பெட்டியிலும் ஒன்று கிடக்கலாம். உள்ளே பழைய கட்டை இருப்பின் உடனே அகற்றிவிடுங்கள். துத்தநாக உறை அரிபட்டு நவச்சார நீர் கசிந்தால், பித்தளைக் குழாய் பச்சை பூத்துப் பாழாகும். கைதேர்ந்த சேகரிப்பாளர் வெளிமெருகைப் பார்த்து மயங்குவதில்லை. முதலில் அடிமூடியைத் திருகி உள்ளேதான் நோக்குவார்.