மாட்டு வாகடமும் மூலிகைப் பெயராய்வும்

இன்று பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற விருத்தாசலம் தேவாரத்துள் திருமுதுகுன்றம் எனப்படும். விருத்தம் முதுமை, அசலம் மலை. பெயர் வடமொழியாயிற்று, பொருள் மாறிற்றிலது. இந்நற்பேறு மூலிகைப் பெயர்கட்கு எப்போதும் வாய்ப்பதன்று. சீரகமும் கருஞ்சீரகமும் பெயரால் உறவுடையன. நிலைத்திணை நூலாரோ அவற்றை வெவ்வேறு குடும்பத்தன என்பர். சிறுநெருஞ்சிலும் யானைநெருஞ்சிலும் அத்தகையனவே. ஏடெழுதுவோன் முன்னடை ஒன்றை விடுப்பின் மருந்தே வேறாகிவிடும்.

கால்நடைகளின் நோயும் மருந்தும் கூறும் மாட்டு வாகடச் சுவடிகளை ஆராய்வார் இதனை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும். அந்நூல்கள் இன்று மீண்டும் நோக்கப்படுதற்குக் காரணம் உண்டு. 1940-களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளரான ஸ்டாக்ஸ்டட், ஜூக்ஸ் ஆகிய இருவரும், ஆரியோமைசின் எச்சம் கலந்த தீனியுண்ட கோழிக்குஞ்சுகள் விரைந்து வளரக் கண்டனர். 1951-இல் நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீனியிற் கலக்க அந்நாட்டில் இசைவு அளிக்கப்பெற்றது. நாள்தோறும் சிற்றளவாக ஊட்டிய மருந்து, தனக்கு அடங்காத நுண்ணுயிர்களையே பெருகச் செய்தது. இவ்வழக்கினால் மக்கட்கும் கேடு விளையும் என 1969-இல் இங்கிலாந்தின் சுவான் குழு எச்சரித்தது. வளர்ச்சிக்காக அவற்றை ஊட்டுதலைச் சுவீடன் 1986-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலும் தடுத்தன. உணவுக்குரிய விலங்குகட்குக் கோலிஸ்டின் வழங்குதலை இந்தியா 2019-இல் தடைசெய்தது.

இம்மாற்றத்திற்கு இயைந்த முயற்சியொன்று தஞ்சாவூரில் நிகழ்ந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி முதலியோர் மரபு மருந்துகளுக்கு அளவு வரையறுத்தனர். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் முறை அவற்றுள் ஒன்று. தேசியப் பால்வள வாரியமும் இதனைப் பரப்பிற்று. சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி, வேப்பிலை ஆகியவற்றை அரைத்துக் கோழித்தீனியொடு ஊட்டும் முறையும் இவ்வகையினதே.

மூலிகை எல்லா நோய்க்கும் மருந்தாகும் எனல் பொருந்தாது. அடைப்பான் போன்ற கொடுநோய்க்குத் தடுப்பூசியே காவல். நோய் வருமுன் உடல்வலி பேணுதலும், நுண்ணுயிர்க்கொல்லியின் தேவையைக் குறைத்தலுமே மூலிகைத் தீனியால் எதிர்பார்க்கத்தக்கன. அப்பயனும் மூலிகை இன்னதெனத் துணிந்த பின்னரே ஆராயப்படும்.

அத்துணிவு தருதல் மருத்துவர்க்கு மட்டும் இயல்வதன்று. இலக்கிய ஏட்டிற் பாடம் பிழைபடின் பொருள் கெடும். வாகடத்திற் பிழைபடின் உயிர் கெடும். ஆதலின் பாடவேறுபாடும், வட்டார வழக்கும், நிலைத்திணைப் பெயரும் ஒருங்கு காட்டும் வாகடப் பதிப்புக்கள் வேண்டும். கால்நடை மருத்துவரும் நிலைத்திணை நூலாரும் உடனிருக்க, இப்பணியைத் தொடங்குதல் தமிழ்த்துறைகளின் கடனாம்.