பழிவாங்காமல் நீதி கேட்டவர்



குவாத்தமாலா தேசத்து மாயா பழங்குடியினரான விசென்தே மென்சூ, ஓர் எளிய விவசாயி. தம் சபையில் உபதேசியார். 1980 ஜனவரி 31 அன்று, இராணுவத்தின் கொடுமைகளை உலகறியச் செய்ய ஸ்பெயின் தூதரகத்தினுள் சென்றவர்களில் அவரும் ஒருவர். காவல்துறை முற்றுகையிட்டது, தீயில் 37 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே அவருடைய மனைவியும் கடத்திக் கொல்லப்பட்டார்.

அவர்களின் மகள் ரிகோபெர்தா மென்சூ துப்பாக்கியைக் கையிலெடுக்கவில்லை. நாடுகடந்து வாழ்ந்தபோதும் தம் ஜனங்களுக்கு நேர்ந்ததைச் சாட்சியாக அறிவித்தார். 1992இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அதோடு ஓய்ந்துவிடவில்லை, நீதியின்றி நிலையான சமாதானம் இல்லை என்று வலியுறுத்தி, நீதிமன்றங்களின் கதவைத் தட்டினார். 2015இல், 35 ஆண்டுகளுக்குப் பின், அன்றைய காவல் அதிகாரி ஒருவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார்.

லூக்கா 18ஆம் அதிகாரத்து விதவையை நினைவுகூருங்கள். அவள் எதிராளியைத் தாக்கவுமில்லை, மௌனமாய்த் திரும்பவுமில்லை. நியாயாதிபதியிடம் ஓயாமல் வந்தாள்.

பிரியமானவர்களே, பழிவாங்காதிருப்பது வேறு, அநியாயத்தைக் கண்டும் வாய்மூடியிருப்பது வேறு. மன்னிப்பின் பெயரால் ஒடுக்கப்பட்டவரை மௌனமாக்காதிருப்போம். அவர்களுக்காக ஜெபிக்கும் நாவு, அவர்களுக்காகப் பேசவும் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.